ஆண்டவர்கிட்டதான் சொன்னேன்

ஜன்னல் பக்கம் நான் இருந்துக்கிடட்டுமாம்மா? காத்து இல்லன்னா எனக்குத் தலை கிறுகிறுன்னு வரும். நல்லா இரு. நீ எங்க இறங்கணும், பாளையங்கோட்டையா? நானும் அங்கதான். அப்பம் சரி, பேசிக்கிட்டே போயிரலாம். கொஞ்சம் சத்தமாப் பேசு, என்ன? எனக்கு ரெண்டு காதும் மந்தம். டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல ஆபரேட்டரா இருந்தவ நான். அந்தக் காலத்துல நாசரேத்துல இருந்து எவனாவது பம்பாய்க்குப் பேசணும்னா என் கை வழியாத்தான் போகணும். ஹெட்போனை மாட்டி மாட்டியே காது போச்சு. காதுல வைக்கிற மெஷின் ஒண்ணு மகன் வாங்கி அனுப்பினான். அதெல்லாம் வயசானவங்களுக்கு உள்ளது. பீரோவுக்குள்ள கிடக்கு.

நான் எதுக்குப் போறேன்னு நீ கேக்கல. கேக்கலன்னாலும் சொல்லுதேன். சண்டை போடப் போறேன்.

சிரிக்காத. உண்மையிலேயே சண்டைதான். எங்க மிஷனெரி சங்கத்து ஆபீசு அங்க இருக்கு. இன்னைக்கிக் கூட்டம். என்னைத் தூக்கிட்டு அந்த ப்ளாரன்ஸை என் இடத்துல போடப் போறாங்களாம். ப்ளாரன்ஸ் யாருன்னு உனக்கு எப்பிடித் தெரியும், நெத்தி நிறையக் குங்குமம் வச்சிருக்க. ப்ளாரன்ஸ் ஜெபத்துல தூங்குதவ. எல்லாரும் கண்ணை மூடுனதும் இவளும் மூடுவா, குறட்டை வந்துரும். ஆமென் சொல்லுத நேரம் பாத்து முழிச்சு, எல்லாரையும் விடச் சத்தமா ஆமென் போடுவா. அவளுக்குத்தான் இப்பம் என் பிள்ளையைக் கொடுக்கப் போறாங்க.

பிள்ளைன்னா நான் பெத்த பிள்ளை இல்ல. விளக்கமாச் சொன்னாத்தான் உனக்குப் புரியும்.

எங்க ஆட்கள் இங்க இருந்து ஊழியத்துக்குன்னு வடக்கே போவாங்க. ஒடிசா, ஜார்க்கண்டு, அந்தப் பக்கம். காட்டுக்குள்ள, மலைக்கு மேல. பள்ளிக்கூடம் நடத்துவாங்க, மருந்து கொடுப்பாங்க, வேதம் சொல்லிக் கொடுப்பாங்க. போகும்போது ஸ்டேஷன்ல மாலை போட்டு, பாட்டுப் பாடி, கார்டு விசில் ஊதி ஓயுத வரைக்கும் ஜெபம் பண்ணி அனுப்புவோம். அதோட நம்ம வேலை முடிஞ்சுது. அதுக்கப்புறம் மலேரியா, பாம்பு, பாஷை தெரியாம முழிக்கிறது எல்லாம் அவங்க பாடு. நாங்க அவங்க போட்டோவை ஃபிரிட்ஜு மேல ஒட்டி வச்சிருப்போம். பால் எடுக்கும்போது பாத்துக்கிடுவோம்.

ரெண்டு வருஷத்துக்கு முந்தி சங்கத்துக்காரங்களுக்கு ஒரு யோசனை வந்துட்டு. மிஷனெரிங்களுக்கு மனசுல பாரம் இருக்கு, பேசுறதுக்கு ஆள் இல்ல, இங்க இருந்தே போன்ல ஒரு தாய் மாதிரி பேசித் தேத்தணும்னு. ‘பராமரிப்புத் தாய்’னு பேரு வச்சாங்க. ஒரு தாய்க்கு ஒரு குடும்பம். டெலிபோன்னு சொன்னதும் எங்க ஐயர் என்னைத்தான் பாத்தாரு. ஐயர்னா எங்க பாதிரியார்ம்மா, பூணூல் போட்டவரு இல்ல. “நேசம்மா, போன் உங்க ராஜ்யம்லா”ன்னாரு. உண்மைதான.

அதுக்கு ஒரு செமினார் வேற. டை கட்டின தம்பி ஒருத்தன் பெங்களூர்ல படிச்சிட்டு வந்திருந்தான். எப்பிடிப் பேசாம இருக்கணும்னு காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் பேசினான். மத்தியானம் பிரியாணி நல்லா இருந்துச்சு, அதையும் சொல்லணும். அவன் சொன்னதெல்லாம் சேத்துப் பாத்தா ரெண்டே விஷயம். நீங்க பேசாதிய, அவங்களைப் பேச விடுங்க. அவங்க சொன்னதை மனுஷர் யார்கிட்டயும் சொல்லாதிய. நான் கையைத் தூக்கினேன். “தம்பி, ஆண்டவர்கிட்டச் சொல்லலாமா?”

“கண்டிப்பாம்மா. அவர்கிட்ட மட்டும் சொல்லுங்க”ன்னான்.

எல்லாரும் கேட்டாங்க. ஐயரம்மா, அதான் ஐயர் வீட்டு அம்மா, அவியளும் கேட்டாவ. எனக்குச் சாட்சி இருக்கு. இன்னைக்கி இதைத்தான் நான் கூட்டத்துல எழும்பி நின்னு கேக்கப் போறேன்.

டிக்கெட்டா? பாளையங்கோட்டை ஒண்ணு கொடு தம்பி. பாட்டிங்கான் பாரு. இவனுக்கு என்ன வயசு இருக்கும், நாப்பத்தஞ்சு இருக்குமா? நான் இவனுக்குப் பாட்டியாம்.

எங்க விட்டேன்? ஆங், என் பிள்ளை. எனக்குக் கிடைச்சது சுகிர்தாவும் இன்பராஜும். தங்கமான பிள்ளைங்க. கல்யாணம் முடிஞ்ச கையோட ஒடிசாவுக்குப் போனவங்க. அவ நர்ஸு. அவங்க ஊர்ல சிக்னல் கிடையாது. ஊருக்குப் பின்னால ஒரு பாறை இருக்காம், அதுக்கு மேல ஏறி ஒரு மூலையில நின்னா கொஞ்சம் கிடைக்கும். வியாழக்கிழமை சாயங்காலம் அவ பாறை ஏறுவா, நான் போன் போடுவேன். ஸ்பீக்கர்லதான். காதுல வச்சா எனக்கு ஒரு மண்ணும் கேக்காது.

“ஆன்ட்டி”ம்பா. அவ்வளவுதான் அவ சொல்லணும், மிச்சத்தை நான் பாத்துக்கிடுவேன். முதல்ல ஊர்ச் சங்கதி. யாரு வீட்டுல கல்யாணம், யாரு வீட்டுல பந்தியில கறி பத்தல, எல்லாம். அப்புறம் கொஞ்சம் புத்தி சொல்லுவேன். புருஷனை எப்பிடி வச்சுக்கிடணும், அங்கத்த தண்ணிக்குத் தலையில என்ன தேய்க்கணும். அப்புறம் ஜெபம். நான் ஜெபிக்க ஆரம்பிச்சா உலகம் பூரா ஒரு சுத்து சுத்தி, எல்லா நாட்டுத் தலைவர்களையும் பாத்துட்டுத்தான் ஒடிசாவுக்குள்ள வருவேன். சில நாள் அங்க மழை கொட்டும். குடையைப் பிடிச்சிக்கிட்டு நிப்பா பாவம். “ஆன்ட்டி, பொழுது அடையப் போகுது, கரடி வரும்”பா. “பிசாசோட கரடியையும் சேத்துக் கட்டி ஜெபிக்கேன், நில்லு பிள்ள”ம்பேன். ஒரு நாளாவது கரடி வந்துச்சா? அதுதான் ஜெபம்.

அப்பிடி அருமையாப் போய்க்கிட்டு இருந்துச்சு.

நடுவுல சின்னச் சின்னதா ஏதாவது சொல்லுவா. குளிக்கிற மறைப்புக்குள்ள பாம்பு வந்துட்டுன்னு சொன்னா, அதைப் பெண்கள் கூட்டத்துல வச்சு ஜெபிச்சேன். மாமியா போட்டு அனுப்பின நாரத்தங்கா ஊறுகா வழியிலேயே பூத்துப் போச்சுன்னு சொன்னா. அதையும் ஜெபிச்சேன். “ஆண்டவரே, உம்முடைய அடியாளின் மாமியார் உப்பைக் குறைத்துப் போட்டதால் ஊறுகாய் பூத்துப்போனதை நீர் அறிவீர்.” மாமியாக்காரி ரெண்டாவது வரிசையில முழங்கால்ல நின்னிருக்கா. எனக்கு எப்பிடித் தெரியும், நான் கண்ணை மூடியிருக்கேன்.

உனக்கு ஒண்ணு சொல்லணும். எங்கள்ல அடுத்தவங்களைப் பத்திச் சும்மா பேசக் கூடாது. அது புறணி. பாவம். ஆனா ஜெபத்துக்காகப் பேசலாம். அது பாரம். “ஜெபத்துக்காகத்தான் சொல்லுதேன்”னு முதல்ல சொல்லிட்டா, அப்புறம் என்ன வேணும்னாலும் சொல்லலாம். எங்க ஊர்ல யாரு பிள்ளை யாரு கூட ஓடிப் போச்சுன்னு நாங்க எல்லாருமே முழங்கால்ல நின்னுதான் தெரிஞ்சிக்கிட்டோம்.

இப்பம் பெரிய சங்கதிக்கு வாரேன். முன் சீட்டு அக்கா, நீங்க நல்லாத் திரும்பியே உக்காந்துக்கிடுங்க, கழுத்து சுளுக்கிக்கிடப் போகுது.

ஒரு வியாழக்கிழமை எனக்குத் தொண்டை கட்டிப் போச்சு. சத்தமே வரல. போனைப் போட்டுட்டுக் காத்து மாதிரி கிசுகிசுன்னு “சொல்லு பிள்ள”ன்னேன். லைன் போச்சுன்னு நினைச்சேன். அப்புறம் சொல்லுதா, “ஆன்ட்டி, எனக்கு ஜெபிக்க வரமாட்டேங்குது. ஒரு வருஷமா இப்பிடித்தான். கண்ணை மூடுனா வெறும் இருட்டுதான் இருக்கு. ஞாயித்துக்கிழமை எல்லாருக்கும் பாட்டுச் சொல்லிக் கொடுக்கேன், எனக்குள்ள ஒண்ணும் இல்ல. இவர்கிட்டச் சொல்லப் பயமா இருக்கு. ஊருக்கு வந்துரலாம்னு இருக்கு.”

ஐயோன்னு இருந்துச்சு எனக்கு. தொண்டை மட்டும் நல்லா இருந்திருந்தா அங்கேயே உக்கார வச்சு ஒரு பிடி பிடிச்சிருப்பேன். முடியலயே. பாரத்தை அப்பிடியே மனசுல சுமந்துக்கிட்டு வந்தேன். சோறு இறங்கல. யார்கிட்டயும் மூச்சு விடல, தெரியுமா? வியாழன் போச்சு, வெள்ளி போச்சு. சனிக்கிழமை உபவாச ஜெபம்.

உபவாச ஜெபம்னா மத்தியானம் வரைக்கும் சாப்பிடாம இருந்து ஜெபிக்கிறது. கோயில் நிறைய ஆள், கோயில்னா எங்க சர்ச்சு. கோபுரத்துல மைக்செட்டுக் குழாய் கட்டியிருப்பாங்க, பஜார் வரைக்கும் கேக்கும். அன்னைக்கிப் பாத்து மிஷனெரிங்களையும் வீடியோவுல கூப்பிட்டிருந்தாங்க. சுவத்துல வெள்ளைத் துணியைக் கட்டி, கட்டம் கட்டமா முகங்க. மைக்கு என்கிட்ட வந்துச்சு. தொண்டையும் நல்லாத் திறந்துக்கிட்டு. நான் ஜெபிச்சேன். “ஆண்டவரே, உமது அடியாள் சுகிர்தாவுக்கு ஒரு வருஷமாய் ஜெபிக்க வரவில்லை என்பதை நீர் அறிவீர். அதைத் தன் புருஷனுக்கு மறைத்திருக்கிறாள் என்பதையும் நீர் அறிவீர்.”

பேரு சொல்லாம எப்பிடிம்மா ஜெபிக்கிறது? ஆண்டவருக்கு எந்தச் சுகிர்தான்னு தெரிய வேண்டாமா? எங்க ஊர்ல தடுக்கி விழுந்தா ஒரு சுகிர்தா மேலதான் விழணும். அதனால “ஒடிசாவில் இருக்கிற, இன்பராஜின் மனைவியாகிய சுகிர்தா”ன்னு தெளிவாச் சொன்னேன். விலாசம் சரியா இருந்தாத்தான லைன் கிடைக்கும்? எக்ஸ்சேஞ்சுல இருந்தவளுக்கு அது தெரியாதா?

ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தா, எல்லாரும் என்னையே பாக்காங்க. ப்ளாரன்ஸ் கூட முழிச்சிருக்கா. சுவத்துல ஒரு கட்டத்துக்குள்ள இன்பராஜ். சாமான் வாங்க டவுனுக்கு வந்தவன், மளிகைக் கடை வாசல்ல நின்னு போன்ல பாத்துக்கிட்டு இருந்திருக்கான். அவனுக்குப் பின்னால வெங்காய மூடை அடுக்கியிருக்கு. அப்பிடியே பாத்துக்கிட்டு நின்னான். அப்புறம் அந்தக் கட்டம் இருட்டாப் போச்சு.

நீங்களே சொல்லுங்க, நான் யார்கிட்டச் சொன்னேன்? ஆண்டவர்கிட்டதான் சொன்னேன். மைக்கு ஆன்ல இருந்ததுக்கு நான் என்ன செய்ய முடியும்?

அதுக்கப்புறம் நம்ம சனங்க சும்மா இருக்குமா. ஜெபம் பண்ண வராத பிள்ளைக்குப் புத்தி சொல்ல ஊரே பாறைக்குப் போன் போட்டுச்சு. ஒருத்தி அபிஷேக எண்ணெயை பார்சல்ல அனுப்பி, அது வழியில உடைஞ்சு, கூட வந்த சேலையெல்லாம் பாழ். மாமியாக்காரி, ஊறுகா சங்கதியை மனசுல வச்சிருந்தா பாரு, “நான் அப்பமே சொன்னேன்”னு ஆரம்பிச்சிட்டா. சங்கத்து டைரக்டர் ஒருத்தரு நேரா ஒடிசாவுக்கே போய், அவளை உக்கார வச்சு மூணு நாள் பிரசங்கம் பண்ணிட்டு வந்தாரு. வந்து, “இப்பம் தேறிட்டா”ன்னாரு. அந்த மூணு நாளும் அவதான் அவருக்கு வெந்நி போட்டுக் கொடுத்திருக்கா.

இன்பராஜ் எனக்கு ஒரே ஒரு தடவை போன் பண்ணினான். கோவமாக் கூடப் பேசல. “ஆன்ட்டி, என் பொண்டாட்டி மனசுல உள்ளது எனக்குக் குழாய்ல வந்துச்சு. இப்பம் அவ என்கிட்டயும் பேசமாட்டேங்கா. நான் ஏன் கேக்காம இருந்தேன்னு எனக்கும் தெரியல”ன்னான். அவ்வளவுதான், வச்சிட்டான். பாத்தியாம்மா? நான் ஜெபிக்கலன்னா அவனுக்குத் தெரிஞ்சிருக்குமா? அதுக்கு ஒரு நன்றி சொல்லணும்லா? இந்தக் காலத்துப் பிள்ளைங்க.

அன்னையில இருந்து சுகிர்தா பாறைக்கு வாரதில்ல. நாலு மாசம் ஆகப் போகுது. நான் வியாழக்கிழமை சாயங்காலம் விடாமப் போன் போடுதேன். ‘தொடர்பு எல்லைக்கு வெளியே’ன்னு ஒருத்தி சொல்லுதா. அவகிட்டயாவது ரெண்டு வார்த்தை பேசலாம்னு பாத்தா, அது மெஷினு.

எனக்கு அவ பேசணும்னு ஒண்ணும் இல்லம்மா. எனக்கு என்ன குறை? மகன் குவைத்துல இருக்கான். வாரா வாரம் குரலை ரெக்கார்டு பண்ணி அனுப்புவான். எனக்கு அது சரியாக் கேக்காது, கை கூப்புத பொம்மை ஒண்ணை அனுப்பிருவேன். அவன் அப்பா போய் ஏழு வருஷமாச்சு. காலையில கோயிலு, மத்தியானம் ஒரு வாய்க் கஞ்சி, சாயங்காலம் ஜெபக்கூட்டம். நேரம் போயிரும். வியாழக்கிழமை மட்டும் மத்தியானமே போனைச் சார்ஜுல போட்டு, தலை சீவி, நல்ல சேலையா ஒண்ணைக் கட்டிக்கிட்டு உக்காந்துருவேன். போன்ல சேலை எங்க தெரியப் போகுது. இருந்தாலும்.

ஒரு தடவை அவ கேட்டா. “ஆன்ட்டி, எப்பமும் எனக்கே ஜெபிக்கிய. உங்களுக்கு நான் என்ன ஜெபிக்கட்டும்?” யாரும் என்கிட்ட அப்பிடிக் கேட்டது கிடையாது. “முழங்கால் வலிக்கு ஜெபி”ன்னு சொல்லிட்டு போனை வச்சிட்டேன். வேற என்னத்தச் சொல்ல? வீட்டுல பேச ஆள் இல்லன்னு சொல்லவா?

அது கிடக்கட்டும். இப்பம் கூட்டம். இன்னைக்கி ஆபீசுல எல்லாரும் உக்காந்து, நேசம்மாவுக்கு வாய் நிக்காது, ப்ளாரன்ஸைப் போடுவோம்னு முடிவு பண்ணப் போறாங்க. தூங்குதவளைப் போட்டா ரகசியம் வெளிய வராதாம். விட்டுருவேனா? அந்தப் பிள்ளை எனக்கு வேணும். நான் அங்க போய்…

இரு, போன் அடிக்கி. கண்ணாடி பைக்குள்ள கிடக்கு, நீ பாரும்மா, யாரு பேரு போட்டிருக்கு?

என்னது?

திரும்பச் சொல்லு. சுகிர்தாவா? இன்னைக்கி வியாழக்கிழமை இல்லயே. எந்த பட்டனை அமுக்கணும், நீயே அமுக்கு. ஸ்பீக்கரைப் போடு, ஸ்பீக்கரைப் போடு.

“ஹலோ! சுகிர்தா! ஸ்தோத்திரம் பிள்ள! எப்பிடி இருக்க? நானே உனக்காகத்தான் போய்க்கிட்டு இருக்கேன். அந்த ப்ளாரன்ஸு என்ன பண்ணுதான்னா…”

“ஆன்ட்டி, ஒரு நிமிஷம். ஆபீஸ்ல கேட்டாங்க, உங்களை மாத்திரணுமான்னு. அதுக்குப் பதில் சொல்லுததுக்கு முந்தி உங்ககிட்ட நானே பேசணும். ஸ்பீக்கர்ல போட்டிருக்கியளா?”

என்ன சொல்லட்டும்? ஏம்மா, என்ன சொல்ல? கண்டக்டரு டிக்கெட்டு கிழிக்கிறதை விட்டுட்டு நிக்கான். முன் சீட்டு அக்கா கன்னத்துல கையை வச்சிட்டாவ.

“இல்ல பிள்ள. ஸ்பீக்கர்ல… கொஞ்சம் பொறு.” இதை எப்பிடிம்மா அணைக்கிறது? அணைச்சா எனக்கு ஒண்ணும் கேக்காதே. சரி. அணை. அணைச்சிரு.

“சொல்லு பிள்ள.”

“ம்.”

“ம்… ம்.”

“ம்.”

“ஐயோ. ம்.”

“ம்.”

வச்சிட்டா. இந்தா, போனைப் பைக்குள்ள போடு.

என்ன எல்லாரும் என் மூஞ்சியவே பாக்கிய?

உனக்கு மட்டும் சொல்லுதேன், காதைக் கொண்டா. ஒரு எழுத்து கேக்கல எனக்கு. இந்த பஸ்ஸு போடுத சத்தத்துல பூச்சி பறக்குத மாதிரிதான் இருந்துச்சு. ரொம்ப நேரம் பேசினா. நடுவுல அழுதா, அது மட்டும் தெரிஞ்சுது. மூச்சு விட்டு விட்டு வந்துச்சு. என்ன சொன்ன, திரும்பச் சொல்லுன்னு கேக்க வாய் வரைக்கும் வந்துட்டு. கேட்டா ஸ்பீக்கரைப் போடணும். போட்டா நீங்க எல்லாரும் இருக்கிய. பேசாம ம் போட்டேன். புத்தி சொல்லலாம்னா எதுக்குப் புத்தி சொல்ல? ஜெபிக்கலாம்னா எதுக்குன்னு ஜெபிக்க? என் வாழ்நாள்ல இவ்வளவு நேரம் நான் வாயை மூடிக்கிட்டு இருந்தது கிடையாது.

அப்பந்தான் இந்த ரயில்வே கேட்டைப் போட்டுட்டான். டிரைவர் தம்பி நல்லா இருக்கணும், என்ஜினை அணைச்சாரு பாரு, கடைசியா அவ சொன்னது மட்டும் காதுல விழுந்துச்சு. “ஆன்ட்டி, இன்னைக்கித்தான் நான் சொன்னதை முழுசாக் கேட்டிய. வேற யாரும் வேண்டாம்னு ஆபீஸ்ல சொல்லிருதேன். வியாழக்கிழமை பாறைக்கு வாரேன்.”

அதுக்கும் ம் தான் போட்டேன்.

எனக்கு சந்தோஷமா இருக்கும்மா. பைக்குள்ள கைக்குட்டை இருக்கும், எடு. சந்தோஷம் வந்தா எனக்கு மூக்கு ஒழுகும். நாளைக்கி அந்த மெஷினைப் பீரோவுல இருந்து எடுத்துப் பாக்கணும். அதுக்கு என்ன பேட்டரி போடணுமோ, மகன்கிட்டக் கேக்கணும்.

என்ன கண்டக்டர் தம்பி? அந்தப் பிள்ளை ஊருக்கு வருதாமா, அங்கேயே இருக்குதாமான்னா கேக்க? புருஷன் கூடப் பேசிட்டாளான்னா? உனக்கு எதுக்குப்பா அது? போய் டிக்கெட்டைக் கிழி. கேட்டு திறந்தாச்சு பாரு.

இப்பம் அங்க போனதும் எல்லாரும் என்னைச் சுத்தி நிப்பாங்க. டை கட்டின தம்பி கேப்பான், “சுகிர்தா என்ன பேசினா?” ஐயரம்மா, “ஜெபத்துக்காகத்தான் கேக்கேன்”பாவ. ப்ளாரன்ஸு தூக்கத்துல இருந்து எழும்பி வந்து கேப்பா. கேக்கட்டும். என்னைக் கொன்னாலும் ஒரு வார்த்தை வெளிய வராது. இந்தத் தடவை ஆண்டவர்கிட்டக் கூடச் சொல்ல மாட்டேன். அவருக்குக் காது நல்லாக் கேக்கும், அவரே கேட்டிருப்பாரு.